மெர்சிடிஸ் இ 220டி: ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் தண்டு எப்படி இருக்கிறது?

மெர்சிடிஸ் பென்ஸ் இ 220டி காரின் ஓட்டுநர் இருக்கையில் முதன்முறையாக உட்காருபவரின் இடக்கை, பழக்கத்தில் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே துழாவும்; அங்கே கியர் தண்டு இருக்காது. ஸ்டீயரிங்கின் வலப்பக்கத்தில் ஒரு சிறு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்பது கியர்கள் கொண்ட தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கு முன்னே போ, பின்னே போ, நில் என்று ஓட்டுநர் சொல்வதெல்லாம் அதன் வழியாகத்தான். 2005-இல் வெளிவந்த எஸ்-கிளாஸ் காரிலேயே இந்த அமைப்பு வந்துவிட்டது. அம்பாசடரிலும் பத்மினியிலும் ஸ்டீயரிங் கியர் போட்டுப் பழகியவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். ஆனால் அந்தக் கார்களில் தண்டையும் கியர்ப் பெட்டியையும் இரும்புக் கம்பிகள் இணைத்தன, இங்கே இணைப்பது மின்சாரம் மட்டுமே. நான் ஓட்டிப் பார்த்தது, 2017-இல் இந்தியாவுக்கு வந்த, பின்னிருக்கையில் கால் நீட்டக் கூடுதல் இடம் தந்த தலைமுறைக் கார்.

கியர் போடும் முறை எளிது. பிரேக்கை மிதித்துக்கொண்டு, தண்டைக் கீழே முழுவதும் தட்டினால் டி (முன்னே போக), மேலே முழுவதும் தள்ளினால் ஆர் (ரிவர்ஸ்), நுனியில் உள்ள பொத்தானை அழுத்தினால் பி (பார்க்கிங்). மேலேயோ கீழேயோ தள்ளும்போது பாதியில் விரலுக்கு ஒரு சிறு தடை தெரியும்; அந்தத் தடையோடு நிறுத்திக்கொண்டால் என், அதாவது எஞ்சினின் இழுவை சக்கரங்களுக்குப் போகாத நியூட்ரல். எப்படித் தள்ளினாலும் கையை எடுத்ததும் தண்டு பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதால், எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைத் தண்டைப் பார்த்து அறிய முடியாது, மீட்டர் திரையைத்தான் பார்க்க வேண்டும். முட்டுச்சந்தில் காரைத் திருப்பும்போது இந்த அமைப்பின் அருமை புரிகிறது: ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே இரண்டு விரல்களால் ஆர், டி, ஆர் என்று மாற்றிக்கொண்டே போகலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் ஓடும் மாருதி, ஹூண்டாய், டாடா கார்களில் இண்டிகேட்டர் ஸ்டீயரிங்கின் வலப்பக்கம்தான். இந்தக் காரிலோ இண்டிகேட்டரும் வைப்பரும் ஒரே தண்டாக இடப்பக்கம் போய்விட, வலக்கை வழக்கமாகத் தேடும் இடத்தில் கியர் உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கம் திரும்புவதாக எண்ணிக் கை அதைக் கீழே முழுவதும் தட்டினால், கார் ஏற்கெனவே டி-யில் இருப்பதால் ஒன்றும் ஆகாது. இடப்பக்கம் திரும்புவதாக எண்ணி மேலே தட்டினால்தான் வம்பு: கார் என்-னுக்குப் போய்விடும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் எழும், வண்டிக்கு இழுவை இருக்காது, சிக்னல் விளக்கும் எரிந்திருக்காது. ஓடும் வேகத்தில் ரிவர்ஸ் விழாதபடி மின்னணுக் காவல் உண்டு என்பதால் கியர்ப் பெட்டிக்கு ஆபத்தில்லை. ஆனால் பின்னால் வரும் லாரிக்கு அது தெரியாது. பதறாமல் தண்டை ஒருமுறை கீழே முழுவதும் தட்டினால் டி திரும்பிவிடும். இந்த ஒரு செயலை, வண்டி நிற்கும்போதே பத்துமுறை செய்து பார்த்துவிட்டுச் சாலையில் இறங்குவது நல்லது.

மறக்க வேண்டிய இன்னொரு பழக்கம், சிக்னலுக்குச் சிக்னல் என்-னுக்கு மாற்றுவது. எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள இந்தப் பெட்டிக்கு அது தேவையே இல்லை. கார் நின்றபின் பிரேக்கை இன்னும் சற்று அழுத்தினால் திரையில் ஹோல்டு என்று வரும். அதன்பின் காலை எடுத்துவிடலாம், ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் கார் தானாகவே நகரும். டீசல் மிச்சமாகும் என்று நம்பி இறக்கத்தில் என்-னில் உருட்டுவது அதைவிடத் தவறு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். என்-னில் உருட்டினாலோ எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்ள எரிபொருள் குடிக்கும், சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியபோது, தண்டைவிட ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும், விரலால் இழுக்கும் இரண்டு பேடில்களே எனக்கு அதிகம் உதவின. இடப்புறத்தை இழுத்தால் கியர் ஒன்று குறையும், வலப்புறத்தை இழுத்தால் ஒன்று கூடும். வளைவுக்கு முன்பே இடப்புறத்தை இரண்டு முறை இழுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கலாம். எஞ்சின் தாங்காத அளவுக்குக் குறைக்கச் சொன்னால் பெட்டி கேட்காது. சமதளம் வந்ததும் வலப்புறத்தை இழுத்துப் பிடித்தால் பழையபடி தானியங்கிக்கு வந்துவிடும். சமவெளியில் இவற்றைத் தொடவே தேவையில்லை. ஒன்பது கியர்களையும் அந்தப் பெட்டி நம்மைவிட நன்றாகவே கணக்குப் பார்க்கிறது.

அதே காலத்து பி.எம்.டபிள்யூ 5 வரிசையில் நடுவே இருக்கும் தண்டை முன்னே தள்ளினால் ரிவர்ஸ், பின்னே இழுத்தால் டி. கை பழக அதற்கும் சில நாள் ஆகும். ஆனால் பி-க்குத் தனிப் பொத்தான் வைத்ததில் இரண்டு நிறுவனங்களும் சரியாகவே யோசித்திருக்கின்றன. எந்த நிலைக்குத் தள்ளினாலும் நடுவுக்கே திரும்பும் தண்டால், பி விழுந்துவிட்டதாக நம்பி ஓட்டுநர்கள் இறங்க, கார்கள் உருண்டதையடுத்து, ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 2016-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. இந்த மெர்சிடிஸில், கார் நிற்கையில் டி-யிலோ ஆர்-இலோ விட்டுவிட்டு ஓட்டுநர் கதவைத் திறந்தாலும், எஞ்சினை நிறுத்தினாலும், பி தானாகவே விழுகிறது. அதை நம்பியே இறங்குவது எனக்கு ஒப்புதலில்லை: திரையில் பி என்ற எழுத்தைப் பார்த்த பிறகே பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

இந்தக் காரைப் பின்னிருக்கைக்காக வாங்குபவர்களே அதிகம். ஓட்டப்போகிறவர் சம்பளத்துக்கு வந்த ஓட்டுநர். காலையில் இதையும் மாலையில் வீட்டின் இன்னொரு காரான இன்னோவாவையும் எடுப்பவர், அங்கே இண்டிகேட்டர் வலப்பக்கம். ஷோரூமில் சாவி வாங்கும் நாளில் விளக்கம் கேட்க முதலாளி மட்டும் போகாமல் அவரையும் அழைத்துச் சென்று, அரைமணி நேரம் அவரையே ஸ்டீயரிங்கின் முன் உட்காரவைக்க வேண்டும்.