நான்கு ஆண்டுகளாகக் காது கேட்கும் கருவி: என் பேச்சுக்கு நேர்ந்தது

சென்ற வாரம் என் கருவியின் வலப்பக்க ரிசீவர் (காதுக்குள் ஒலியைத் தரும் குட்டி ஒலிபெருக்கி) பழுது பார்க்கப்பட்டுத் திரும்பி வந்த அன்றே, நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "நாலு வருஷமா போட்டிருக்கீங்களே, காது மிஷின் காசுக்குத் தகுமா சார்?" என்று கேட்டார். காது கேட்பதைப் பற்றி அவர் எங்கும் விசாரித்துக்கொள்ளலாம். கருவி என் பேச்சை மாற்றும் என்பதைத்தான் வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு இரு காதுகளிலும் நடுத்தர அளவிலான குறைபாடு. எந்தச் சுருதி ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் என்ற வரைபடத்தில் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு சரிந்து இறங்கும்; அதாவது உயர்ந்த சுருதி ஒலிகள் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. 'ஸ' போன்ற உரசொலிகளின் வலு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருப்பதால், பிறர் சொல்வது மட்டுமன்றி நாம் சொல்வதும் நம் காதில் சரியாக விழுவதில்லை. காது கண்காணிக்காத ஒலியை நாக்கு மெல்ல மெல்லத் தளரவிடுகிறது. குரலின் அளவும் அப்படித்தான். இரைச்சலுக்கு நடுவே பேசுபவர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவதை 1911இல் எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் பதிவு செய்தார். தன் குரல் தனக்கே மங்கலாகக் கேட்பவரும் அதையேதான் செய்கிறார்.

மளிகைக் கடைக்கு நான் அனுப்பிய பழைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அண்மையில் வரிசையாகக் கேட்டேன். கருவிக்கு முந்தைய பதிவில் "சீரகம், சோம்பு, கசகசா" என்பதை ஏறக்குறையக் கத்தியிருக்கிறேன். கசகசாவின் இரண்டு 'ச'வும் ஈரத்துணியில் தேய்த்தது போல மழுங்கியிருந்தன. ஓராண்டுக்குப் பிந்தைய பதிவில் குரல் தணிந்து, அதே சொல் கூர்மையாக வந்திருக்கிறது. எல்லோருக்கும் இவ்வளவு வேறுபாடு தெரியும் என்று நான் உறுதி கூற மாட்டேன். வளர்ந்த பிறகு செவித்திறன் குறைந்தவர்களின் பேச்சு பொதுவாக எளிதில் சிதைந்துவிடுவதில்லை. ஆயினும் பேரக்குழந்தை என் மடியில் உட்கார்ந்து, நான் பேசும்போது காதைப் பொத்திக்கொள்ளாமல் கதை கேட்ட அந்த மாலைக்காக இந்தக் கருவிக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பேட்டரியில் குறையில்லை, பழுப்பு ஒட்டுள்ள 312 என்ற அளவு பேட்டரி எனக்கு ஒரு வாரம் வருகிறது.

என் பொறுமையைச் சோதித்தது காதுக்குள் செருகும் அந்தச் சிறு ரப்பர் டோம்தான். பழுது பார்த்தவர்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், துளையுள்ள திறந்த டோமை எடுத்துவிட்டு மூடிய டோமை மாட்டி அனுப்பிவிட்டார்கள். காதுக்குழாயை அடைத்துவிட்டால், நாம் பேசும்போது எலும்பின் வழியாக அங்கு வந்து சேரும் தாழ்ந்த சுருதி ஒலிகள் வெளியேற வழியின்றி உள்ளேயே முழங்கும். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது போலிருந்தது; 'ஈ', 'ஊ' வரும் சொற்களில் மண்டையே அதிர்ந்தது. அதற்கு அஞ்சி நான் குரலை அடக்க, "ஏன் முணுமுணுக்கிறீங்க? வாயைத் திறந்து பேசுங்க" என்று என் மனைவி சொல்ல நேர்ந்தது. உரக்கப் பேசாதீர்கள் என்று ஆண்டுக்கணக்கில் என்னிடம் கெஞ்சியவர் அவர்! சேவை மையத்துக்கு இருமுறை போயும், "போகப் போகப் பழகிடும் சார்" என்ற பதில்தான் கிடைத்தது. புதிதாகக் கருவி அணிபவருக்கு அது ஓரளவு உண்மை. நான்கு ஆண்டு அணிந்தவனிடம் சொல்லத் தக்கதன்று. கடைசியில் வேறொரு ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) என் ஆடியோகிராமைப் பார்த்து, தாழ்ந்த சுருதி ஒலிகள் இயல்பாகவே கேட்கும் காதை அடைக்கத் தேவையில்லை என்று சொல்லி, ஒரே நிமிடத்தில் டோமை மாற்றித் தந்தார்.

கருவி நல்லது, அதில் எனக்கு ஐயமில்லை. இருந்தும் நண்பரிடம், இந்த நிறுவனம் வேண்டாம், வேறு பாருங்கள் என்றுதான் சொன்னேன். எதை வாங்கினாலும், அணிந்த நிலையில் 'ஈ', 'ஊ' என்று நீட்டிச் சொல்லிப் பார்த்து, குரல் தலைக்குள் முழங்கினால் டோமையோ அமைப்பையோ சரிசெய்து தரும்வரை பணம் கொடுக்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.