ஆர்ஸ்பாம்டியா, அமாவிஸ்–ஸ்பாம்அசாசின் கூட்டணியா?

மெயில் சர்வரில் ஸ்பாமை வடிகட்டும் மென்பொருள்கள் இவை: ஆர்ஸ்பாம்டி தனியாகவே செய்யும்; அமாவிஸ், மெயிலை வாங்கி ஸ்பாம்அசாசினைக் கொண்டு சோதிக்கும். ஸ்பாமைப் பிடிப்பதில் இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. பிடித்ததை எந்தக் கட்டத்தில் வெளியே தள்ளுகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரோடு அமாவிஸை வழக்கமாக இணைக்கும் முறையில், மெயில் முதலில் வரிசைக்குள் வந்துவிடும். பிறகு 10024 போர்ட் வழியாக அமாவிஸுக்குப் போய், 10025 வழியாகத் திரும்பும். அதாவது, அனுப்பிய சர்வரிடம் "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லி முடித்த பிறகுதான் சோதனையே நடக்கிறது. அப்போது நிராகரித்தால், திரும்பும் அறிவிப்பு போலி அனுப்புநர் முகவரிக்குப் போகும். சம்பந்தமில்லாத ஒருவரின் பெட்டி குப்பையாகும். உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறவும் கூடும். எனவே இந்த முறையில் குறியிடுங்கள், அல்லது தனியே ஒதுக்கி வையுங்கள். திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள். ஆர்ஸ்பாம்டி 11332 போர்ட்டில் மில்டராக (மெயில் வரும்போதே சோதிக்கும் வடிகட்டியாக) உட்கார்ந்து, இணைப்பு திறந்திருக்கும்போதே மறுத்துவிடும். அறிவிப்பு எழுதுவது எதிர்முனைச் சர்வரின் பாடு.

மெயிலுக்குத் தரும் ஸ்பாம் மதிப்பெண்களின் எல்லைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே மாற்றிப் போடாதீர்கள். ஸ்பாம்அசாசினின் இயல்பு எல்லை 5. ஆர்ஸ்பாம்டியில் இயல்பாக 4 என்றால் தாமதிப்பு (பிறகு மீண்டும் அனுப்பச் சொல்வது), 6 என்றால் தலைப்பில் குறி, 15 என்றால் நிராகரிப்பு. பழைய பழக்கத்தில் நிராகரிப்பை 5 ஆக்கினால் நல்ல மெயில்கள் அடிபடும். தாமதிப்பிலும் ஒரு தொல்லை உண்டு: ஓடிபி மெயில் சில நிமிடம் கழித்து வந்தால் அதனால் பயனில்லை.

பேய்ஸ் பயிற்சிக்கு (மாதிரி மெயில்களைக் காட்டி ஸ்பாமை அடையாளம் காணக் கற்பிப்பது) இரண்டுக்குமே இயல்பாக ஸ்பாம் 200, நல்லது 200 வேண்டும். அமாவிஸில் ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) பயிற்சி கொடுத்தால் அது ரூட்டின் தரவுத்தளத்தில் போய்ச் சேரும். அமாவிஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆர்ஸ்பாம்டி பொதுவாக ரெடிஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் சேமிப்பதால் இந்தக் குழப்பம் இல்லை.

பொது டிஎன்எஸ் வேண்டாம். ஸ்பாம் அனுப்பும் ஐபிகளின் கறுப்புப் பட்டியல்கள் பலவும் அங்கிருந்து வரும் கேள்விகளை மறுக்கும். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள் ஓடட்டும்.

வைரஸ் சோதனைக்கு இரண்டோடும் பொதுவாக இணைப்பது கிளாம்ஏவி என்ற மென்பொருளை. வைரஸை அடையாளம் காணும் அதன் குறிப்புகளே 1 ஜிபிக்கு மேல் நினைவகம் தின்னும். புதுப்பித்து ஏற்றும்போது பழையதும் புதியதும் சேர்ந்து இருமடங்காகும். 2 ஜிபி சர்வரில் நினைவகம் போதாமல் கர்னல் கிளாம்ஏவியைக் கொன்றுவிடக்கூடும். பழையது ஓடும்போதே புதியதை ஏற்றும் வசதியை அணைத்தால் நினைவகம் மிஞ்சும். ஏற்றி முடியும்வரை சோதனை காத்திருக்கும், அவ்வளவுதான்.

கிளாம்டி (கிளாம்ஏவியின் பின்னணிச் சேவை) செத்துப்போனால் என்ன ஆகும்? அமாவிஸ், பதிப்பையும் அமைப்பையும் பொறுத்து, மெயிலை வரிசையிலேயே நிறுத்தி வைக்கலாம், அல்லது சோதிக்கப்படாதது என்று குறித்து உள்ளே விடலாம். ஆர்ஸ்பாம்டியோ, தோல்விக் குறியை மட்டும் பதித்துவிட்டு உள்ளே விட்டுவிடும். தற்காலிக மறுப்பை நீங்களே விதியாக எழுத வேண்டும்.

புதிய சர்வருக்கு ஆர்ஸ்பாம்டி. கோப்பு வகைத் தடையும் ஒதுக்கிவைப்பும் ஒழுங்காக ஓடும் அமாவிஸைப் பிரிக்க அவசரம் வேண்டாம். எதுவானாலும் ஜிட்யூப் வரியும் (ஸ்பாம் சோதனைக்கானது) ஐகார் கோப்பும் (தீங்கற்ற வைரஸ் சோதனைக் கோப்பு) அனுப்பிச் சோதியுங்கள்; பிறகு கிளாம்டியை நிறுத்திவிட்டு ஐகாரை இன்னொரு முறை அனுப்புங்கள்.