கட்டணப் பயிற்சியா, வழக்கறிஞருடன் ஆவண ஆய்வா?

மனை முதலீட்டைக் கற்றுத்தருவதாகச் சொல்லிப் பல்லாயிரம் ரூபாய் பெறும் வார இறுதி வகுப்புகளில் பேரம் பேசும் முறையும் வாடகைக் கணக்கும் பொதுப்படையாகவே சொல்லப்படுகின்றன. புதியவருக்கு அவை ஓரளவு துணிவு தரும், அவ்வளவே.

அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, தமிழ்நாட்டில் தாம் வாங்க நினைக்கும் ஒரே மனையின் தாய்ப்பத்திரங்களை (அது முன்பு கைமாறி வந்த பழைய பத்திரங்களை) அனுபவமுள்ள வழக்கறிஞரோடு அமர்ந்து படிப்பவர், சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ரத்தாகாமல் நிற்பதையோ, பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு மகளின் கையெழுத்து விடுபட்டிருப்பதையோ தம் கண்ணாலேயே கண்டுபிடிக்கப் பழகுகிறார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான உரிமையைத் தந்திருப்பதால், அந்த ஒரு கையெழுத்து பிற்காலத்தில் உரிமையியல் வழக்காக வந்து நிற்கக்கூடும். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம் என்பதால், முதற்கட்டப் படிப்புக்குச் செலவே இல்லை.

ஆகவே ஆவண ஆய்வையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். வகுப்பில் சேர்ந்தே தீர வேண்டுமென்றால், பயிற்சியாளர் தம் மனைகளையே மாணவர்களுக்கு விற்கிறாரா என்பதைப் பணம் கட்டும் முன் விசாரியுங்கள்.