பரோலோ ஒயின் பாதை: டூரினிலிருந்து போய்வரும் அனுபவம்

இத்தாலியின் டூரினில் வேலைக்கு வந்ததிலிருந்து, பரோலோ என்ற சிவப்பு ஒயின் தயாராகும் லாங்கே குன்றுகளுக்கு வருடம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறோம். "எந்த ரூட், எத்தனை ஒயின் தோட்டம் பார்க்கலாம்?" என்று கேட்கிறவர்களுக்கு முதலில் சொல்வது: சாலையோரப் பலகையை நம்பிக் கிளம்பாதீர்கள், போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

ஒயின் தோட்டங்களை வரிசையாகப் பார்த்துப் போகும் இந்த ஒயின் பாதைகளுக்கு இத்தாலியில் 1999-இல் சட்டமே போட்டார்கள். சாலையோரத்தில் பலகைகளும் உண்டு. ஆனால் பலகை காட்டிய வீட்டுக்குப் போனால் கேட் பூட்டியிருக்கும். பெரும்பாலும் குடும்பமாக நடத்தும் தோட்டங்கள்; உங்களுக்கு ஒயின் ஊற்ற வேண்டியவர் டிராக்டரில் இருப்பார். சொல்லிவிட்டுப் போனால் நிலவறைக்கே கூட்டிப்போய், சாவகாசமாகப் பேசுவார்கள். பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கும் ஒரு பெரிய இடத்துக்கும் போனோம். மளமளவென்று நாலு கிளாஸ், அடுத்து நேராக விற்பனை அறை. அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு இடம் தாராளம். மூன்றாவதில் நாக்குக்கு எல்லாம் ஒன்றுதான்.

பரோலோ என்ற பெயருக்கு உரிமை 11 ஊர்களுக்கு மட்டும். நெபியோலோ என்ற ஒரே திராட்சை. அறுவடை வருட நவம்பரிலிருந்து குறைந்தது 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். கிளாஸில் பார்த்தால் வெளிறிய சிவப்பு, இதுக்கா இவ்வளவு காசு என்று தோன்றும். வாயில் வைத்தால் ஈறு வரை துவர்க்கும். லா மொர்ரா பக்கத்து ஒயின் சற்று சாது, செர்ராலுங்கா பக்கம் முரடு, மண் அப்படி. பெரிய பழைய பீப்பாயா, சின்ன பிரெஞ்சு ஓக் பீப்பாயா என்று 1980, 90-களில் ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. வயதானவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் தீர்ந்துபோகும் பாட்டில் என்னவோ இந்த வட்டாரத்தின் மற்ற சிவப்பு ஒயின்களான டொல்செட்டோவும் பார்பெராவும்தான். விலை குறைவு, சாப்பாட்டோடு ஒத்துப்போகும். பரோலோ விருந்தாளி வந்தால் திறப்பது.

சாப்பாட்டு விஷயத்தில் சைவக்காரர்கள் உஷார். என் மனைவி முட்டை வரைக்கும் வருவாள், அதற்கு மேல் இல்லை. இங்கே முதல் தட்டிலேயே பச்சைக் கன்றிறைச்சியைக் கொத்தி வைப்பார்கள். பான்யா காவ்தா என்ற சூடான தொக்கு காய்கறியோடு வருவதால் சைவம் போலத் தெரியும். பூண்டோடு கரைந்திருப்பது நெத்திலி. பிளின் என்ற குட்டிப் பொட்டலங்களுக்குள்ளும் பெரும்பாலும் கறிதான். அவளைக் காப்பாற்றுவது தயாரின். மஞ்சள் கருவாகக் கொட்டிப் பிசைந்து, இடியாப்பம் மாதிரி மெல்லிசாக நறுக்கிய பாஸ்தா. வெந்நீரில் போட்ட சூட்டோடு எடுத்து, வெண்ணெயும் சேஜ் என்ற மூலிகை இலையும் போட்டுப் புரட்டித் தருவார்கள். கடைசியில் ஹேசல்நட் கேக். நுட்டெல்லா பிறந்த அல்பா இந்த வட்டாரம்தான், கொட்டைக்குப் பஞ்சமில்லை.

அதே தயாரின் மேல்தான் மண்ணுக்கடியில் விளையும் காளான் வகையான வெள்ளை ட்ரஃபிளும் சீவுவார்கள். அக்டோபர், நவம்பரில் அல்பா தெருவில் நடந்தாலே அந்த வாசனை. மேஜைக்கே சின்னத் தராசு வரும். சீவும் முன் ஒரு நிறுவை, சீவிய பின் ஒன்று. குறைந்த கிராமுக்குப் பில். போதும் என்று சொல்லும்வரை சர்வரின் கை நிற்காது, ஆகவே வாயைத் தயாராக வைத்திருங்கள். ஒரு முறை சாப்பிட்டுப் பார்க்கலாம். வருடா வருடம் கேட்டால் என் பர்ஸ் தாங்காது.

கார் இல்லாமல் கஷ்டம். ரயில் அல்பா வரைக்கும் வரும், குன்றுகளுக்கு பஸ் அரிது. இந்திய லைசென்ஸ் என்றால் சர்வதேச பர்மிட்டும் வேண்டும். ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமைத் தாண்டக்கூடாது; லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது. ஓட்டுகிறவர் ருசித்த ஒயினை வாளியில் துப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நாங்கள் ஒயினுக்குப் பெயர் தந்த பரோலோ ஊர்ப் பக்கம் பண்ணை வீட்டில் தங்கி, லா மொர்ராவுக்குத் தோட்டங்கள் வழியே நடந்துவிடுகிறோம். ஓவியக் கலைஞர்கள் சோல் லெவிட்டும் டேவிட் டிரெம்லெட்டும் 1999-இல் வண்ணமடித்த குட்டித் தேவாலயம் அந்தப் பக்கம்தான்.

ஆகஸ்ட் நடுவில் போக வேண்டாம், பாதிக் கடை பூட்டியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்கு மேல் போனால் சமையலறையும் மூடியிருக்கும். ஒற்றைப்படை வருட செப்டம்பரில் வருகிறவர்கள், ஃபாஸ்ட் ஃபுட்டுக்கு எதிராக உள்ளூர்ச் சாப்பாட்டைப் போற்றும் ஸ்லோ ஃபுட் இயக்கத்தின் சொந்த ஊரான பிராவில் நடக்கும் சீஸ் திருவிழாவையும் சேர்த்துக்கொள்ளலாம். ரூம் மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.