முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: வைத்தியம் கிடைத்தது, கணக்குதான் கிடைக்கவில்லை

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்கும் சின்னக் கம்பிக் குழாய்) வைத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில்தான். கைப்பணம் போட்டுச் செய்திருந்தால் வீட்டில் இருக்கிற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயிருக்கும். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அட்டை வாங்குவதில் பெரிய அலைச்சல் இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ.விடம் வாங்கும் வருமானச் சான்று இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும். இடிப்பது வருமான வரம்புதான். ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்ததை 2022-இல் 1,20,000 ஆக்கினார்கள். மாதக் கணக்கில் பத்தாயிரம். அப்பா கொத்தனார். வேலை ஓடுகிற மாதத்தில் அதற்கு மேல் வரும், மழை மாதத்தில் ஒன்றும் வராது. இப்படிப்பட்ட குடும்பத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது? இந்த வரம்பை இன்னும் உயர்த்தியே ஆகவேண்டும்.

திட்டத்தின் பட்டியலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். காப்பீட்டு மேஜையில் இருந்த தங்கச்சி பொறுமையாக எல்லாத் தாளையும் வாங்கி, ஆன்ஜியோ (இதய ரத்தக்குழாய்ப் படம்) ரிப்போர்ட்டை கம்ப்யூட்டரில் ஏற்றி, மறுநாளே அனுமதி வாங்கித் தந்தாள். அவளுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அதற்குப் பிறகு பில் போடுகிற இடத்தில் கூப்பிட்டார்கள். "காப்பீட்டுல சாதா ஸ்டென்ட்தாம்மா வரும். நல்லதா வைக்கணும்னா இருபதாயிரம் கட்டிருங்க" என்றார்கள். அப்பா உள்ளே படுத்திருக்கும்போது இப்படிக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்தே மத்திய அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. திட்டத்தில் அனுமதியான சிகிச்சைக்கு நோயாளி ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. "கேக்குற தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணே" என்றேன். எழுதித் தரவில்லை. அங்கேயே நின்று திட்டத்தின் உதவி எண்ணான 1800 425 3993-க்குப் போன் போட்டேன். அன்று சாயங்காலத்துக்குப் பிறகு பணப் பேச்சே வரவில்லை.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு இவ்வளவு என்று ஒரு விலை வைத்திருக்கிறது. அது கட்டுப்படியாகவில்லை என்றால் மருத்துவமனைகள் அரசோடு பேசித் தீர்க்கட்டும். வார்டு வாசலில் நிற்கிற எங்களிடம் அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்வது அநியாயம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரைச் சீட்டு, ரிப்போர்ட் எல்லாம் வந்தது. அப்பாவின் பெயரில் காப்பீட்டிலிருந்து எவ்வளவு பணம் கேட்டு க்ளெய்ம் போட்டார்கள், ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு உள்ள 5 லட்சத்தில் மீதி எவ்வளவு என்று சொல்லும் தாள் மட்டும் வரவில்லை. இது சின்னக் குறை இல்லை. பிரீமியத்தை மாநில அரசு யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்குக் கட்டுகிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைத்த பிறகு, 2011 சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மட்டும் மத்திய அரசு 60 சதவீதம் தருகிறது. மற்ற குடும்பங்களின் செலவு முழுக்க மாநிலத்தின் தலையில். எல்லாமே வரிப்பணம். ஆயுஷ்மான் பாரத் பற்றி அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. 2023-இல் தந்த அறிக்கையில், நாடு முழுக்க ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே செல்போன் எண்ணில் பதிவாகியிருந்தது வெளிவந்தது. இறந்துபோனதாகப் பதிவானவர்கள் பெயரிலும் சிகிச்சைக் கணக்கு இருந்ததாம். படிக்கும்போதே வயிறு எரிந்தது. க்ளெய்ம் தொகையை அச்சடித்து நோயாளி வீட்டாரிடம் கையெழுத்து வாங்கட்டும். செய்யாத சிகிச்சையைச் செய்ததாக எழுதினால் முதலில் கண்டுபிடிக்கப் போவது நாங்கள்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: அரசு மருத்துவமனையில் சேர்ந்தாலும் இந்த அட்டையைக் கொடுக்கலாம். க்ளெய்ம் பணம் அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேரும். அவசரமில்லாத அறுவை என்றால் அங்கேயே போங்கள் என்றுதான் சொல்வேன்.

ஸ்டென்ட்டுக்குப் பிறகு மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு எங்களுக்கு அட்டை உதவவில்லை. பிரஷர் மாத்திரை மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவதை ஜி.எச். மருந்தகத்தில் வரிசையில் நின்று வாங்குகிறோம். அதையும் வீட்டுக்கு வரும் பையில் சேர்த்துவிட்டால் அப்பா மாதிரி ஆட்கள் நடுவில் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள்.