செனோலிடிக்கா, ராபமைசினா? நான் ஏன் ராபமைசின் பக்கம் போனேன்

முதுமை ஆராய்ச்சியில் எந்த மருந்தை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தபோது என் முன்னால் இருந்தவை இரண்டு: பிரிவதை நிறுத்திய முதிய செல்களைக் கொல்லும் செனோலிடிக் மருந்துகள், செல் வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் என்ற புரதத்தை அடக்கும் ராபமைசின். நான் ராபமைசினை எடுத்தேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. பாதுகாப்பானது, பழகிய மருந்து, எல்லாம் சரி. ஆனால் அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து நடத்தும் எலிச் சோதனைத் திட்டத்தில் அது தனியாக ஆயுளைச் சொல்லும்படி நீட்டவில்லை. போதாக்குறைக்கு, 2019-இல் வெளிவந்த ஒரு சோதனையில், எடைப் பயிற்சி செய்த வயதானவர்களின் தசை வளர்ச்சியை வேறு அது குறைத்துவிட்டது.

இப்போது செனோலிடிக். சில செல்கள் பிரிவதை நிறுத்திவிடும், சாகவும் சாகாது, சும்மாவும் இருக்காது. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுற்றியுள்ள திசுவுக்குள் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். இவற்றைத்தான் செனசென்ட் செல் என்கிறோம், பத்திரிகைகளில் ஜாம்பி செல். இவற்றைக் கொன்று அகற்றுவதுதான் செனோலிடிக். கேட்டதுமே பிடித்துப்போகிற யோசனை, எனக்கும் பிடித்தது. மேயோ கிளினிக் குழு 2011-இலும் 2016-இலும் மரபணு மாற்றிய எலிகளில் இந்தச் செல்களை அகற்றிக் காட்டியது. இரண்டாவது ஆய்வில் சாதாரணமாக வயதான எலிகளின் சராசரி ஆயுள் கிட்டத்தட்ட கால்பங்கு நீண்டது. 2015-இல் ரத்தப் புற்றுநோய் மருந்தான டாசாடினிபையும் வெங்காயத்தில் இருக்கும் குவெர்செடினையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. இதன் பெரிய வசதி, தினமும் சாப்பிட வேண்டாம். டாசாடினிப் உடம்பில் பாதியாகக் குறைய சில மணி நேரம்தான் ஆகும். மருந்து வந்து, கொன்றுவிட்டு, போய்விடும். ராபமைசினால் இது முடியாது, அது செல்லைக் கொல்வதில்லை, கசிவைக் குறைக்கிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் கசிவு திரும்ப வரலாம்.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை? கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற ஒரே கேள்விதான் காரணம்.

செனசென்ட் செல்லை அடையாளம் காண இன்றும் முதலில் கையில் எடுப்பது 1995-இல் வந்த பீட்டா கேலக்டோசிடேஸ் சாயச் சோதனையைத்தான். பிஎச் 6-இல் கரைசல் தயாரித்து, செல்களை அதில் வைத்து, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் காலையில் செனசென்ட் செல்கள் நீலமாகத் தெரியும். இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு இருக்கக்கூடாது, இருந்தால் பிஎச் இறங்கி, சாதாரண செல்லும் நீலமாகிவிடும். சரி, அதைக் கவனமாகச் செய்தாயிற்று என்று வையுங்கள். செல் வளர்க்கும் தட்டில் செல்கள் நெருக்கியடித்து வளர்ந்திருந்தாலும் நீலம், திசுவில் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் இருந்தாலும் நீலம். அப்புறம் செல் பிரிவதைத் தடுக்கும் புரதங்களான பி16 பார்க்க வேண்டும், பி21 பார்க்க வேண்டும், இரண்டும் எல்லா செனசென்ட் செல்லிலும் ஒன்றுபோல ஏறுவதும் இல்லை. மூன்று சோதனை மூன்று பதில் சொன்னால் எதை நம்புவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தட்டிலேயே இந்தப் பாடு என்றால் மனிதரில்? 2019-இல் நீரிழிவால் சிறுநீரகம் பாதித்த 9 பேருக்கு மூன்று நாள் மட்டும் டாசாடினிபும் குவெர்செடினும் கொடுத்து, 11 நாள் கழித்துக் கொழுப்புத் திசுவை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். செனசென்ட் செல்கள் குறைந்திருந்தன. நல்ல செய்திதான், ஆனால் அது கொழுப்பில். மூட்டிலும் மூளையிலும் குறைந்ததா என்று பார்க்க எதை வெட்டுவது? 2020-இல் யூனிட்டி பயோடெக்னாலஜி நிறுவனத்தின் மூட்டுத் தேய்மானத்துக்கான செனோலிடிக் மருந்து 183 பேரிடம் நடந்த சோதனையில் போலி ஊசியைவிட மேலாக எதையும் காட்டவில்லை. மருந்து செல்களைக் கொல்லவில்லையா, இல்லை கொன்றும் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லையா? தோல்வியிலிருந்துகூடப் பாடம் எடுக்க முடியாத நிலை. ஒரு ஆய்வாளருக்கு இதைவிட எரிச்சல் வேறு இல்லை.

ராபமைசினில் இந்தத் தொல்லை கிடையாது. மருந்து கொடுத்துச் சில மணி நேரத்தில் எம்டார் வேலை செய்யும்போது எஸ்6 என்ற புரதத்தில் ஏறும் பாஸ்பேட் குறைவது, புரதங்களைப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பட்டையாகவே தெரியும். பட்டை மங்கினால் எம்டார் அடங்கியது, இல்லையென்றால் அளவில் கோளாறு. 1999 முதல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குக் கொடுத்துவரும் மருந்து என்பதால், ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதும் ஆஸ்பத்திரிகளில் வழக்கமான வேலை. எலிகளில் கிடைத்த முடிவும் ஒரே ஆய்வகத்தின் சொல்லை நம்பி நிற்பதல்ல. 2009-இல் வந்த ஆய்வில், மேலே சொன்ன திட்டத்தின் மூன்று ஆய்வகங்களிலும் ஆயுள் நீண்டது, பெண் எலிகளில் 14 சதவீதம், ஆண் எலிகளில் 9. உணவில் கலந்தால் கெடாமல் இருக்கும்படி மருந்தைத் தயாரிக்கவே தாமதமாகி எலிகளுக்கு 600 நாள் வயதாகிவிட்டது, மனிதக் கணக்கில் அறுபதை ஒட்டி. அந்தத் தாமதமே இதன் பெரிய கண்டுபிடிப்பாகிப்போனது.

குறைகளும் உண்டு. வாய்ப்புண், ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது, காயம் ஆறத் தாமதம். எலிகள் பெரும்பாலும் புற்றுநோயில் சாகின்றன, ஆகவே இது முதுமையைத் தள்ளிப்போடுகிறதா, வெறுமனே கட்டியைத் தள்ளிப்போடுகிறதா என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. இதே எம்டார் பாதையைக் குறிவைத்த இன்னொரு மருந்து 2019-இல் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. நான் பழகியது தட்டில் வளரும் செல்லோடும் எலியோடும்தான், வயதானவர்களுக்கு வைத்தியம் பார்த்தவன் இல்லை. எனவே ஆய்வுக்கு நான் எடுத்த முடிவை மாத்திரைச் சீட்டாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மனம் மாறுமென்றால் 2024-இல் வந்த எலும்புச் சோதனை போன்ற ஒன்றால்தான் மாறும். மாதவிடாய் நின்ற 60 பெண்களிடம், டாசாடினிபும் குவெர்செடினும் வைத்து நடந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் எலும்பு கரைவதை மருந்து குறைக்கவில்லை, ஆனால் ரத்தத்தின் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் பி16 அதிகமாக இருந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. பின்னால் பிரித்துப் பார்த்துச் சொன்ன முடிவு, பெரிதாக நம்பிவிட முடியாது. ஆனாலும் ரத்தத்தைப் பார்த்தே யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்ல முடியும் என்றால், அந்தக் கொழுப்பு வெட்டும் வேலை மிச்சம்.