மான்டிசெல்லோ போகிறீர்களா? டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்

அப்பா நாற்பது வருடம் வாட்ச் ரிப்பேர் பார்த்தவர். அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் வாழ்ந்த மான்டிசெல்லோ வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதே அங்கிருக்கும் கடிகாரத்துக்காகத்தான். பீரங்கிக் குண்டு மாதிரி எடைகள் சுவரோரமாக இறங்க இறங்க, பக்கத்தில் எழுதியிருக்கும் கிழமையைக் காட்டும். சுவரின் உயரம் போதாமல் தரையில் ஓட்டை போட்டதால், சனிக்கிழமை மட்டும் நிலவறையில் இருக்கிறது.

வாஷிங்டனிலிருந்து வேனில் கூட்டிப்போகும் ஒரு ஆளிடம் தலைக்கு 180 டாலர் கட்டினேன். வீட்டுக்குள் போவதும் சேர்த்தியா என்று போனில் இரண்டு முறை கேட்டேன். ஆமாம் என்றார்.

இரண்டரை மணி நேரம் பயணம் செய்து போய்ச் சேர்ந்த பிறகுதான், கையில் இருப்பது தோட்டத்தையும் வளாகத்தையும் மட்டும் பார்க்கிற டிக்கெட் என்று தெரிந்தது. வீட்டுக்குள் போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். அன்றைக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது. "வெளியே நின்று பார்த்தாலே போதும்" என்றார் வேன்காரர். முகப்பில் அதே கடிகாரத்தின் வெளிப்பக்கம் தெரிகிறது. அதில் மணி முள் மட்டும்தான். அப்பா அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மல்பெரி ரோவில், அடிமைகள் வாழ்ந்து உழைத்த இடத்தில், "இது வேலைக்காரர்கள் குடியிருப்பு" என்று சொல்லிவிட்டு வேன்காரர் நகர்ந்தார். அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். சாப்பாடு, துணியெல்லாம் நன்றாகவே கொடுத்தார்கள் என்று பதில் வந்தது. தன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமையாக வைத்திருந்தவர் ஜெஃபர்சன். 10 முதல் 16 வயதுப் பையன்கள் அந்த இடத்தில்தான் நாள் முழுக்க இரும்பை அடித்து ஆணி செய்தார்கள். மனிதர் எல்லாரும் சமம் என்று எழுதியவரின் வீட்டில் நின்றுகொண்டு இதை மறைப்பது பணத்தை ஏமாற்றியதைவிடப் பெரிய ஏமாற்று.

பணம் திரும்பக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் போவதானால் மான்டிசெல்லோவின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யுங்கள். வீட்டுக்குள் நுழையும் நேரம் டிக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேலே குவிமாட அறையைப் பார்க்க வேறு டிக்கெட். படிக்கட்டு ரொம்பக் குறுகல், முட்டிவலிக்காரர்களுக்குச் சரிப்படாது. அப்பாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை ஊருக்கு ஃப்ளைட். அதற்குள் அவரை மறுபடி அங்கே கூட்டிப்போக ஒரு நாள் லீவு கிடைக்குமா என்று ஆபீஸில் கேட்டிருக்கிறேன்.